வோல்ட், ஆம்பியர், ஓம், வாட்: பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை நடத்துகிறேன். மிக்சி, கிரைண்டர், ஹீட்டர், மேலூர் உசிலம்பட்டிப் பக்கமிருந்து வரும் பம்புசெட் மோட்டார் எல்லாம் இங்கே வரும். வேலைக்குச் சேரும் ஐடிஐ பையன்களும் பொருளைக் கொண்டுவருகிறவர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். பையன்களுக்கு ஃபார்முலா எல்லாம் மனப்பாடம். எதை எங்கே போடுவது என்பதில்தான் முழிக்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிவிட்டு, பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

வோல்ட்டும் ஆம்பியரும் தெரிஞ்சா மத்ததெல்லாம் வந்துருமாண்ணே?

வரும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். அதுதான் ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்தடை. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட், அதுதான் பவர். ஒரு இஸ்திரிப் பெட்டி ஓடும்போது அளந்தோம். சாக்கெட்டில் 222 வோல்ட், டாங் டெஸ்டரில் (ஒயரை வெட்டாமல், தாடையால் கவ்விக் கரண்ட் அளக்கும் மீட்டர்) 4.2 ஆம்பியர். 222 ÷ 4.2 = 52.9 ஓம். 222 × 4.2 = 932 வாட்.

இப்படி நேராகப் போடும் கணக்கு, சூடாவதையே வேலையாக வைத்திருக்கும் பொருட்களுக்கு அப்படியே பொருந்தும்: இஸ்திரிப் பெட்டி, வாட்டர் ஹீட்டர், கீசர், குண்டு பல்பு. மோட்டாருக்கும் சார்ஜருக்கும் கொஞ்சம் வேறு மாதிரி. அது பின்னால் வருகிறது.

பெரிய ஹீட்டர்னா ரெசிஸ்டன்ஸ் பெருசாத்தானே இருக்கணும்? மீட்டர்ல கம்மியா காட்டுதே?

மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது. தடை குறைந்தால்தான் கரண்ட் அதிகம் போகும், வாட்டும் ஏறும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு 52.9 ஓம், 1500 வாட் ஹீட்டர் ராடுக்கு 35.3 ஓம், 3000 வாட் கீசருக்கு 17.6 ஓம்.

இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. 230-ஐ 230-ஆல் பெருக்கினால் 52,900. அதை வாட்டால் வகுத்தால் ஓம், ஓமால் வகுத்தால் வாட். இந்த எண்ணைப் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறோம். பொருளைத் திறக்காமலேயே, பிளக்கின் இரண்டு கால்களில் மீட்டரை வைத்து ஓம் பார்த்து, 52,900-ஐ அதால் வகுத்தால் எலிமெண்ட் உண்மையில் எத்தனை வாட் என்று தெரிந்துவிடும். 1500 என்று அச்சடித்த ராடு 1100-க்குத்தான் தேறும் என்பதெல்லாம் இப்படித்தான் வெளியே வரும். மீட்டரை ஓமில் வைக்கும்போது பிளக் சாக்கெட்டில் இருக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

பெட்டியில 1000 வாட்னு போட்டிருக்கு. நீங்க அளந்தா 932. கம்பெனி ஏமாத்துறானா?

இல்லை. பெட்டியின் பெயர்ப் பட்டையில் வாட்டுக்குப் பக்கத்தில் 230 வோல்ட் என்றும் போட்டிருக்கும். அந்த இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பெட்டிக்கென்று சொந்தமாக இருப்பது ரெசிஸ்டன்ஸ் ஒன்றுதான். வோல்டேஜ் ஈபிக்காரர் கொடுப்பது. கரண்டும் வாட்டும் இவை இரண்டும் சேர்ந்ததால் வரும் விளைவு. அந்தப் பெட்டிக்கு 222 வோல்ட் கிடைத்தது, 932 வாட் எடுத்தது. 230 கொடுத்திருந்தால் அதே 52.9 ஓம் சரியாக 1000 வாட் எடுத்திருக்கும்.

வோல்டேஜ் இறங்கினால் வாட் அதைவிட வேகமாக இறங்கும், ஏனென்றால் வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி, பிறகு ஓமால் வகுக்கிறோம். 180 வோல்ட்டில் அதே பெட்டி 612 வாட்தான். சாயங்காலம் சட்டை தேய்க்கிறவர்கள் பெட்டி மக்கர் பண்ணுகிறது என்று தூக்கி வருவது இதனால்தான்.

வோல்டேஜ் ஏறி இறங்கும் தொல்லை, வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் என்ற விதியைக் கண்டுபிடித்த ஜார்ஜ் ஓமுக்கும் இருந்தது. ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பள்ளிக்கூட வாத்தியார் அவர். அன்றைய பேட்டரிகள் நிலையாக இல்லாததால் அவற்றை விட்டுவிட்டு, இரண்டு உலோகங்களை இணைத்து ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, அதில் வந்த நிலையான கரண்டை வைத்து அளந்தார். 1827-ல் புத்தகமாகப் போட்டபோது ஊரில் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி பதக்கம் கொடுத்தது 1841-ல்தான்.

அப்போ வோல்டேஜ் கம்மியா இருந்தா கரண்ட் பில்லு மிச்சமாகுமே?

ஹீட்டரில் ஆகாது. யூனிட் என்பது 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடுவது. 1500 வாட் ராடு 20 நிமிடம் ஓடினால் அரை யூனிட். தினமும் ஒரு வாளி என்றால் இரண்டு மாதப் பில்லுக்கு 30 யூனிட். வோல்டேஜ் 200-க்கு இறங்கினால் ராடு 1134 வாட்தான் எடுக்கும். ஆனால் தண்ணீருக்கு வேண்டிய சூடு மாறவில்லை. 20 நிமிட வேலை 26 நிமிடத்துக்கு மேல் இழுக்கும். யூனிட் ஏறக்குறைய அதேதான், உங்கள் நேரம்தான் போகும்.

டாங் டெஸ்டரை ஒயர்ல மாட்டுனா சைபர் காட்டுதுண்ணே. மீட்டர் அவுட்டா?

இரண்டு ஒயரையும் சேர்த்துக் கவ்வியிருப்பீர்கள். ஒன்றில் போகும் கரண்டும் மற்றதில் திரும்பும் கரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒற்றை ஒயரை மட்டும் கவ்வ வேண்டும். இதற்காகவே ஒரு முழ நீளத்துக்கு ஒயரைப் பிரித்து வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபேன், எல்ஈடி பல்பு போன்ற சின்ன லோடுக்கு டாங் டெஸ்டர் தடுமாறும். அப்போது அந்த ஒற்றை ஒயரைத் தாடைக்குள் பத்துச் சுற்று சுற்றி, காட்டுவதைப் பத்தால் வகுங்கள். மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் ஓட்டையில் ப்ரோபைச் செருகி நேராகச் சாக்கெட்டில் விடும் வேலை மட்டும் வேண்டாம். அந்த ஓட்டைக்கு ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட இல்லை. 230-ஐ சைபரால் வகுத்தால் என்ன வரும் என்று மீட்டரே வெடித்துக் காட்டும்.

60 வாட் குண்டு பல்பை அளந்தா 65 ஓம்தான் காட்டுது. கணக்குப்படி 800 வாட் வருதே?

52,900 ÷ 65 = 814 வாட். கணக்கு சரி, ஆனால் அளந்தது அணைந்திருந்த பல்பை. உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை எரியும்போது 2500 டிகிரியை ஒட்டிப் போகும், அந்தச் சூட்டில் அதன் ரெசிஸ்டன்ஸ் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். எரியும்போது அது 882 ஓம். ஸ்விட்சைத் தட்டும் அந்த ஒரு கணத்தில் மட்டும் மூன்றரை ஆம்பியர் வரை பாயும். பழைய பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது போகாமல், ஸ்விட்ச் போடும்போது "டப்" என்று போனது இதனால்தான்.

இஸ்திரிப் பெட்டி, ஹீட்டருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவற்றில் இருப்பது நைக்ரோம் கம்பி. சூடானாலும் அதன் ரெசிஸ்டன்ஸ் சில சதவீதம்தான் மாறும். அதனால்தான் மேலே சொன்ன 52,900 குறுக்கு வழி அவற்றுக்கு வேலை செய்கிறது.

ஒரு எச்பி மோட்டார் காயில் மூணு ஓம்தான் இருக்கு. 230-ஐ மூணால வகுத்தா 77 ஆம்பியர். ஆனா ஓடுறப்ப ஏழுதானே எடுக்குது?

நல்ல கேள்வி. இதைக் கேட்கிற பையனை உடனே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். மீட்டர் அளப்பது செம்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸை மட்டும். காயிலில் ஏறி இறங்கும் ஏசி கரண்ட், காந்தப் புலத்தையும் ஏற்றி இறக்குகிறது. அந்தக் காந்தப் புலம் காயிலிலேயே எதிர் வோல்டேஜை உண்டாக்கி, வருகிற வோல்டேஜில் பெரும் பகுதியை எதிர்த்து நிற்கும். மிச்சமிருப்பதுதான் கரண்டைத் தள்ளுகிறது. எனவே மோட்டாரில் ஓம் மீட்டரை வைத்து ஓடும் கரண்டைக் கணக்கிட முடியாது. காயில் அறுந்ததா, ஷார்ட்டா என்று பார்க்க மட்டுமே அது உதவும்.

வாட் கணக்கிலும் ஒரு படி கூடுகிறது. 225 வோல்ட், 7 ஆம்பியர் பெருக்கினால் 1575. அத்தனையும் வேலையாகவோ சூடாகவோ மாறுவதில்லை. ஒரு பகுதி காந்தத்துக்குப் போய்த் திரும்பி வருகிறது. மொத்தத்தில் எத்தனை பங்கு உண்மையில் செலவாகிறது என்று சொல்லும் எண்ணான பவர் ஃபேக்டரால் பெருக்க வேண்டும். அது 0.8 என்றால் 1260 வாட். ஈபி மீட்டர் எண்ணுவது அதைத்தான். ஒரு எச்பி என்பது தண்டில் கிடைக்கும் 746 வாட். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மோட்டாரின் உடம்பைத் தொட்டால் தெரியும்.

வோல்டேஜ் கொறஞ்சா கரண்டும் கொறையணும். எங்க பம்பு மட்டும் லோ வோல்டேஜ்ல ஏன் கரண்ட் கூடுதலா இழுத்துக் கருகுது?

இஸ்திரிப் பெட்டிக்குச் சொன்னதை மோட்டாருக்கு அப்படியே போடக் கூடாது. பம்பு தூக்க வேண்டிய தண்ணீரும் உயரமும் மாறவில்லை. வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரின் முறுக்குச் சக்தி குறையும், ரோட்டார், அதாவது உள்ளே சுற்றும் பகுதி, கொஞ்சம் பின்தங்கும், முன் கேள்வியில் சொன்ன எதிர்ப்பும் தளரும். மோட்டார் அதே வேலையைச் செய்ய அதிகக் கரண்டை இழுக்கும். காயிலில் பிறக்கும் சூடு, கரண்டை அதே கரண்டால் பெருக்கி ஓமால் பெருக்கினால் வருவது. 7 ஆம்பியரில் மூன்று ஓம் காயிலில் 147 வாட் சூடு. 10 ஆம்பியர் ஆனால் 300 வாட். கரண்ட் பாதி கூட ஏறவில்லை, சூடு இரண்டு மடங்கு. காயில் கம்பியின் மேலிருக்கும் காப்புப் பூச்சான வார்னிஷ் கருகுகிறது.

டிவி, கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் ஏசி ஆகியவையும் வோல்டேஜ் குறைந்தால் கரண்டைக் கூட்டிக்கொள்ளும். அவற்றின் உள்ளே இருக்கும் சர்க்யூட் தனக்கு வேண்டிய வாட்டை எப்படியாவது எடுத்துவிடும்.

போர்டுல 225 வோல்ட் இருக்கு. 150 மீட்டர் தள்ளி மோட்டார் உர்ர்னு இரையுது, சுத்த மாட்டேங்குது. காயில் போச்சா?

அலங்காநல்லூர்ப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் ஒருவர் மோட்டாரைக் கழற்றித் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். பட்டறையில் போட்டால் ஜம்மென்று சுற்றியது. காயிலும் கெப்பாசிட்டரும் சரி. ஒயர் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டால், வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய 1.5 ஸ்கொயர் எம்எம் என்றார்.

கணக்கைப் பாருங்கள். 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயருக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். மோட்டார் 150 மீட்டரில் இருந்தாலும் கரண்ட் போக 150, திரும்ப 150, ஆக 300 மீட்டர். 3.6 ஓம். ஓடும்போது 7 ஆம்பியர் என்றால் ஒயரிலேயே 25 வோல்ட் காலி, மோட்டாருக்கு 200. அதுகூடச் சமாளிக்கும். ஆனால் ஒரு எச்பி மோட்டார் கிளம்பும்போது, முழு வோல்டேஜ் கிடைத்தால், 35 ஆம்பியர் வரை கேட்கும். அந்த நிலையில் மோட்டார் சுமார் 6.6 ஓம் பொருள் மாதிரி நடந்துகொள்ளும். அதற்கு முன்னால் 3.6 ஓம் ஒயரைப் போட்டால், 225-ல் மோட்டார் வாயில் 150-ஐ ஒட்டித்தான் நிற்கும். முறுக்குச் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. மூன்றில் இரண்டு பங்கு வோல்டேஜுக்குப் பாதிக்கும் குறைவான முறுக்கு. ரோட்டார் அசையாது, இரையும். அப்படியே விட்டால்தான் காயில் போகும்.

இதே தூரத்துக்கு 4 ஸ்கொயர் எம்எம் ஒயர் போட்டால் 300 மீட்டருக்கு 1.4 ஓம்தான். கிளம்பும்போது 190-ஐ ஒட்டிக் கிடைக்கும், சுற்றிவிடும். ஒயர் மாற்ற ஆகும் செலவைச் சொன்னதும் முகம் சுருங்கத்தான் செய்யும். இரண்டு தடவை காயில் கட்டும் கூலியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வேன். சந்தேகமிருந்தால் வோல்டேஜைப் போர்டில் அளக்காதீர்கள். மோட்டார் டெர்மினலில், ஸ்விட்ச் போடும் நேரத்தில், ஆள் ஒருவரை நிறுத்தி அளந்து பாருங்கள்.

ஒயர் சரியாத்தான் இருக்கு, ஹீட்டர் பிளக் மட்டும் ஏன் கருகுது?

பிளக்கின் பித்தளைக் காலைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கறுத்திருக்கும், சாக்கெட்டின் வெள்ளைப் பிளாஸ்டிக் அந்த ஓட்டையைச் சுற்றி மட்டும் பழுத்து மஞ்சளாகியிருக்கும். உள்ளே பிடிப்பு தளர்ந்துவிட்டது. தளர்ந்த இடத்தில் அரை ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 1500 வாட் ராடு எடுப்பது 6.5 ஆம்பியர். 6.5 × 6.5 × 0.5 = 21 வாட். ஒரு சால்டரிங் அயர்னின் சூடு கிட்டத்தட்ட இவ்வளவுதான், அதை ஒரு புள்ளியில் வைத்தது மாதிரி. போகிற வோல்டேஜ் மூன்றேகால்தான் என்பதால் தண்ணீர் சூடாவதில் வித்தியாசமே தெரியாது. கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் ஸ்விட்சான எம்சிபியும் விழாது, ஏனென்றால் கரண்ட் கூடவில்லை. மூக்குதான் கண்டுபிடிக்க வேண்டும். 16 ஆம்பியர் சாக்கெட்டாகப் பார்த்து மாற்றிவிடுங்கள், ஸ்குரூவை இறுக்குங்கள்.

ஒரு ஃபார்முலால ரெசிஸ்டன்ஸ் கூடுனா வாட் கொறையுது, இன்னொன்னுல கூடுது. எதுண்ணே நெசம்?

இரண்டும் நிஜம். எது மாறாமல் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஹீட்டரைச் சாக்கெட்டில் செருகினால் வோல்டேஜ் நிலையானது. அங்கே வோல்ட் × வோல்ட் ÷ ஓம்; ரெசிஸ்டன்ஸ் கூடினால் வாட் குறையும். ஒயரிலும் பிளக்கிலும் ஓடும் கரண்டை நிர்ணயிப்பது கடைசியில் இருக்கும் ஹீட்டர். அங்கே கரண்ட் நிலையானது. ஆம்பியர் × ஆம்பியர் × ஓம். ரெசிஸ்டன்ஸ் கூடினால் சூடும் கூடும். பரீட்சையில் தப்புவிடும் பையன்கள் பெரும்பாலும் இங்கேதான் விடுகிறார்கள். பெருக்கலில் யாரும் தப்பு விடுவதில்லை.

அடுப்புக் காயில் அறுந்துச்சு, முறுக்கிச் சேர்த்துட்டேன். இப்ப முன்னைவிட நல்லா சூடாகுது. நல்லதுதானே?

அறுந்த துண்டை எறிந்துவிட்டு மிச்சத்தை இழுத்து மாட்டியிருப்பீர்கள். காயில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ரெசிஸ்டன்ஸும் அதே அளவு குறையும். 1000 வாட் அடுப்பு 1111 வாட் ஆகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு போனால் 1250. கம்பியோ முன்னைவிடக் குட்டை, சூடோ கூடுதல். சீக்கிரமே வேறு இடத்தில் அறும், அல்லது முறுக்கிய இடத்திலேயே அறும். காரணம், பிளக்குக்குச் சொன்னதுதான். புதுக் காயில் போடுங்கள்.

ரெண்டு 1000 வாட் காயிலை ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணாக் கோத்தா 2000 வாட் வருமா?

500 வாட்தான் வரும். வரிசையில் கோத்தால் ஓம்கள் கூடும்: 52.9 + 52.9 = 105.8. 52,900-ஐ அதால் வகுங்கள். 2000 வேண்டுமென்றால் இரண்டையும் பக்கவாட்டில் இணைத்து, இரண்டுக்கும் முழு 230 கிடைக்கச் செய்ய வேண்டும். இதே காரணத்தால்தான் 60 வாட், 100 வாட் குண்டு பல்பை வரிசையில் கோத்தால் 60 வாட் பல்பு பிரகாசமாக எரியும். கரண்ட் இரண்டுக்கும் ஒன்றே, ரெசிஸ்டன்ஸ் அதற்குத்தான் அதிகம்.

செல்போன் சார்ஜர்ல 2 ஆம்பியர்னு போட்டிருக்கு. 230-ஐ ரெண்டால பெருக்குனா 460 வாட், அம்மாடி!

அந்த 2 ஆம்பியர் வெளியே வரும் 5 வோல்ட் பக்கத்தில். 5 × 2 = 10 வாட். நஷ்டம் சேர்த்து 12 வாட் உள்ளே போகும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கும்போது இரண்டும் ஒரே இடத்தில் அளந்ததாக இருக்க வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் இது தலைகீழ். 300 வாட் லோடு 230 பக்கத்தில் 1.3 ஆம்பியர்தான், ஆனால் 12 வோல்ட் பேட்டரி பக்கத்தில் 25 ஆம்பியர், நஷ்டத்தோடு 30. பேட்டரி ஒயர் விரல் மொத்தம் இருப்பது அதற்காகத்தான்.

12 வோல்ட் பேட்டரில ஒத்தை வெள்ளை எல்ஈடி எரிய எம்புட்டு ஓம் போடணும்?

வெள்ளை எல்ஈடி தனக்கு மூன்று வோல்ட் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 9 வோல்ட்டை ரெசிஸ்டர் வாங்கிக்கொள்ள வேண்டும். 20 மில்லி ஆம்பியர் போதும் என்றால் 9 ÷ 0.02 = 450 ஓம். கடையில் 470 கிடைக்கும். வாட்டையும் பாருங்கள்: சாதாரணமாக 0.17 வாட். ஆனால் பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14.4 வோல்ட் இருக்கும், அப்போது 0.28 வாட், கால் வாட் ரெசிஸ்டர் தாங்காது. அரை வாட் வாங்குங்கள்.

ஷாக் அடிச்சா எம்சிபி ஏன் விழல?

ஈரக் கையோடு இருக்கும் உடம்பை 1000 ஓம் என்று வைத்தால் 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு கரண்டே இல்லை. மனிதனுக்கு அதில் கால்வாசியே உயிருக்கு ஆபத்து. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்று பார்க்கும் ஆர்சிசிபி தனியாக வேண்டும், 30 மில்லி ஆம்பியரில் விழுவதாக. டாங் டெஸ்டரில் இரண்டு ஒயரையும் கவ்வினால் சைபர் என்றேன் அல்லவா, ஆர்சிசிபி உள்ளே எந்நேரமும் பார்த்துக்கொண்டிருப்பது அந்தச் சைபரைத்தான்.

த்ரீ பேஸ் மோட்டாருக்கு மூணால பெருக்கணுமா?

இரண்டு பேஸுக்கு நடுவில் வோல்டேஜ் அளந்திருந்தால் 1.732-ஆல் பெருக்குங்கள். ஐந்து எச்பி மோட்டாரில் 400 வோல்ட், ஒரு ஒயரில் 8 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.8 என்றால்: 1.732 × 400 × 8 × 0.8 = 4434 வாட். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் அளந்த 231 வோல்ட்டை வைத்தால் மூன்றால் பெருக்கலாம். விடை அதேதான் வரும். இரண்டையும் கலந்துவிடாதீர்கள். மூன்று ஒயரிலும் தனித்தனியாக ஆம்பியர் பாருங்கள். ஒன்றில் மட்டும் சைபர் என்றால் கணக்கை மடித்து வைத்துவிட்டு மோட்டாரை நிறுத்துங்கள், ஒரு பேஸ் போயிருக்கிறது.